பித்தளை கழுவிய தண்ணீர்

ராய்ஸ் அந்த மெஷினை வாங்கியதே உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். இப்போது இதைச் சொன்னால் எங்கள் ஊரில் பாதிப் பேர் தலையை ஆட்டிவிட்டுப் பேச்சை மாற்றுகிறார்கள். ஆனால் அது உண்மை. நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

ராய்ஸ் என்னோடு பள்ளியில் படித்தவன். பிறகு என் தங்கை ட்ரூடியைக் கட்டிக்கொண்டான். குளிர்காலம் முழுக்க மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டுவான். மற்ற மாதங்களில் தார் போடுவான். மீதி நேரமெல்லாம் துப்பாக்கிதான். மொன்டானாவில் எங்கள் பக்கம் சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை யாரும் எறிவதில்லை. குனிந்து பொறுக்கி, கழுவி, அடியில் புதுப் பொட்டு ஒன்றை அடித்து, வெடிமருந்தும் குண்டும் வைத்து மறுபடி சுடுவோம். அந்தப் பொட்டைப் பிரைமர் என்போம். துப்பாக்கி ஊசி அதைக் குத்தும்போதுதான் மருந்து பற்றிக்கொள்ளும்.

முன்பெல்லாம் ராய்ஸ் கூடுகளைச் சோளச்சக்கைத் தூளோடு ஒரு சுழலும் டப்பாவில் போட்டுத்தான் சுத்தம் செய்வான். மூடியைத் திறந்தால் கறுப்புத் தூசி முகத்தில் அடிக்கும். அந்தத் தூசியில் ஈயம், அதாவது காரீயம், இருக்கிறது, பிரைமர் எரிந்த கரியில் இருந்து வருவது, மூச்சோடு நெஞ்சுக்குள் போகும் என்று சுடும் கிளப்பில் யாரோ சொன்னார்கள். அன்றைக்கே டப்பாவைக் குப்பையில் போட்டான். சில நாளில் அல்ட்ராசோனிக் மெஷின் வந்து இறங்கியது.

பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை. ரொட்டிப் பெட்டி அளவுக்கு ஒரு எவர்சில்வர் தொட்டி, உள்ளே ஒரு கம்பிக் கூடை. வெந்நீரும் சோப்பும் கொஞ்சம் சிட்ரிக் ஆசிட் தூளும் போட்டுப் பொத்தானை அழுத்தினால் வண்டு முனகுவதுபோல ஒரு சத்தம். நம் காதுக்கு எட்டாத ஒலி தண்ணீருக்குள் ஓடி, கண்ணுக்குத் தெரியாத குமிழிகளை உடைத்து உடைத்து அழுக்கைப் பெயர்த்துவிடும். நான் முதன்முதலில் பார்த்தபோது ராய்ஸ் தன் ரைஃபிளில் தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் போல்ட்டைக் கழற்றிக் கூடையில் வைத்திருந்தான். இரும்பின் ஒவ்வொரு துளையிலிருந்தும் கறுப்பு நூல் நூலாகப் பிரிந்து தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தியா மச்சான், கையே வெக்க வேணாம். இருவது வருஷத்து அழுக்கு, தானா கழண்டு ஓடுது."

"உன்னையே உள்ள எறக்கிடலாம் போலருக்கே."

"உன் தங்கச்சியும் அதையேதான் சொன்னா."

அக்டோபரில் மான் வேட்டை தொடங்குவதற்கு முன்னால் ஆளாளுக்குத் துப்பாக்கியைப் பிரித்துத் துணியில் மூட்டை கட்டிக்கொண்டு அவன் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். ஒரு பெட்டி பீர், வீட்டில் சுட்ட ஒரு ஆப்பிள் பை, அவ்வளவுதான் கூலி. தொட்டியிலிருந்து எடுத்த இரும்பில் எண்ணெய்ப் பசையே இருக்காது, உடனே எண்ணெய் போடாவிட்டால் சாயங்காலத்துக்குள் துரு ஏறிவிடும் என்று ஒவ்வொருவரையும் திட்டித்தான் அனுப்புவான். கிளப்பின் பித்தளைக் கூடுகள் வாளி வாளியாக அவனிடம்தான் வந்தன. கழுவி எடுத்தால் நகைக்கடைச் சாமான்போல இருக்கும்.

மெஷின் முதலில் கராஜில்தான் இருந்தது. அந்த வருஷம் ஜனவரியில் அடித்த குளிரில் கராஜில் வாளித் தண்ணீர் அடிவரை உறைந்து, வாளியே வெடித்தது. தொட்டியும் வெடித்துவிடும் என்று பயந்து அதைச் சமையலறையை ஒட்டிய துணி துவைக்கும் அறைக்கு மாற்றினான். ட்ரூடி மறுக்கவில்லை.

"என் வாஷிங் மெஷினுக்கு ஒரு சக்களத்தியக் கூட்டிட்டு வந்திருக்கான்," என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு மேல் யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

கழுவிய கூடுகளை ராய்ஸ் சமையலறை வடிதட்டில் கொட்டி அலசுவான். பழைய துண்டுகளில் பரப்பிக் காயவைப்பான். அவசரமென்றால் ஒரு தட்டில் போட்டு ஓவனுக்குள் இளஞ்சூட்டில் வைப்பான். அந்தத் துண்டுகள் மற்றத் துணிகளோடு துவைக்கப் போகும். மெஷினின் கறுப்புத் தண்ணீரைத் துணி அறையில் இருந்த துணித் தொட்டியிலேயே ஊற்றிவிடுவான். தூக்கி ஊற்றும்போது கொஞ்சம் தரையில் சிந்தும். காலால் ஒரு துணியை இழுத்துத் துடைப்பான். தூசி இல்லை. அதுதான் அவனுக்கு முக்கியம். தூசி இல்லையென்றால் ஈயமும் இல்லை என்று அவன் மனதில் பதிந்துபோயிருந்தது.

அந்தக் குளிர்காலத்தில்தான் அவர்கள் மகள் டெஸா தன் குழந்தையை அவர்களிடம் விட்டாள். டெஸாவுக்கு வடக்கு டகோட்டாவில் எண்ணெய்க் கிணற்று ஆட்களுக்குச் சமைக்கும் முகாமில் வேலை. மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. குழந்தையின் அப்பன் எப்போதோ கம்பி நீட்டிவிட்டான். குழந்தை பெயர் பிரின். ஒரு வயது தாண்டி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகிய பருவம்.

நான் வீடு வீடாகக் கேஸ் நிரப்பும் டேங்கர் வண்டி ஓட்டுகிறேன். ட்ரூடி வீடு என் வழியில்தான். நிறுத்தினால் காபி கிடைக்கும், பிரினைத் தூக்கலாம். ராய்ஸ்மேல் அவளுக்கு அப்படி ஒரு ஒட்டுதல். அவன் துணி அறையில் வேலை செய்யும்போது தவழ்ந்து போய் அவன் காலடியில் உட்கார்ந்துகொள்வாள். "கூ, கூ" என்பாள். மெஷினின் சத்தத்தைத் தன் மாதிரியில் சொல்வது அது. அவள் கைக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று ட்ரூடி பழைய காபி டப்பா ஒன்றில் பெரிய பித்தளைக் கூடுகள் பத்துப் பன்னிரண்டைப் போட்டுக் கொடுத்திருந்தாள். விழுங்க முடியாத அளவு பெரியவை, கூர்மையும் கிடையாது, கண்ணாடிபோலச் சுத்தம். பிரின் அவற்றைக் கொட்டுவாள், அள்ளுவாள், ஒன்றை எடுத்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

மார்ச் மாதவாக்கில் குழந்தை மாறினாள். சாப்பாட்டைத் தள்ளினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து அழுதாள். நாலைந்து வார்த்தைகள் பேசிக்கொண்டிருந்தவள் ஒவ்வொன்றாக விட்டுவிட்டாள். "கூ" கூட வருவதில்லை. பல் முளைக்கிறது என்றாள் ட்ரூடி. அம்மாவைத் தேடுகிறாள் என்றான் ராய்ஸ். அவனே அப்போது சரியாக இல்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான். வயிறு வலிக்கிறது என்று மாத்திரையைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தான். வயதாகிறது என்று நாங்கள் கேலி செய்தோம்.

வழக்கமான பரிசோதனைக்காக ட்ரூடி குழந்தையை ஊர் கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். நர்ஸ் மார்சி விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். முடிவைப் பார்த்துவிட்டுக் குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, இன்னொரு விரலில் மறுபடி குத்தினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ட்ரூடி, உங்க வீடு எந்த வருஷத்து வீடு?"

"ஏன்?"

"ரத்தத்துல ஈயம் இருக்கு. நெறைய இருக்கு. பழைய வீட்டுப் பெயின்ட்ல இருந்து வரும். நரம்புலேர்ந்து எடுத்து இன்னொரு தடவ லேபுக்கு அனுப்பணும். சுகாதாரத் துறைலேர்ந்து ஒருத்தங்க வீட்டுக்கு வந்து பாப்பாங்க. பயப்படாதே, திட்ட வரல, எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிக்கத்தான் வர்றாங்க."

அவர்கள் வீடு அப்படியொன்றும் பழையது அல்ல. தொழிற்சாலையில் செய்து இரண்டு துண்டாக லாரியில் கொண்டுவந்து பொருத்திய வீடு. டெஸா பிறந்த பிறகு வாங்கியது. இருந்தும் ராய்ஸ் அன்றைக்கே ஜன்னல் சட்டங்களைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடிக்க ஆரம்பித்தான். கை நடுங்க நடுங்க அடித்தான்.

சுகாதாரத் துறைப் பெண் வருவதாகச் சொன்ன நாள் காலையில் அவர்கள் வீட்டுக்குக் கேஸ் நிரப்ப வேண்டிய முறை. நான் குழாயை இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனபோது ராய்ஸ் தன் பிக்கப் வண்டியின் பின்னால் எதையோ ஏற்றித் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தான். தார்ப்பாய் ஓரத்தில் மெஷினின் வயர் தொங்கியது. பக்கத்தில் பித்தளைக் கூடுகள் நிறைந்த வாளிகள்.

"என்னடா இது? எங்க கொண்டு போற?"

"எங்கயும் இல்ல. அந்தம்மா போற வரைக்கும் இங்க இருக்கட்டும்."

"ராய்ஸ், அவங்க தேடறதே ஈயத்தைத்தானே? இதுல இருக்கலாம்ல?"

"இதுல எப்படிடா இருக்கும்? தூசியே இல்லாத மெஷின்டா இது! ஈயத்துக்கு பயந்துதானே வாங்கினேன்." அவன் குரல் உயர்ந்தது. "உனக்குத் தெரியாது இவங்கள. இன்னிக்கு ஈயம்பாங்க. நாளைக்கு எத்தன துப்பாக்கி வெச்சிருக்கேன்னு கேப்பாங்க. நாளன்னிக்கு குழந்த இருக்கற வீட்ல எதுக்குன்னு அலமாரிய காலி பண்ணிட்டுப் போவாங்க. பிரினையும் சேத்து தூக்கிட்டுப் போனா டெஸாவுக்கு யாரு பதில் சொல்றது? நீ சொல்வியா?"

"கேட்டா உள்ளத சொல்லிடு. அவ்ளோதான் நான் சொல்றது."

"நீ உன் கேஸப் பாரு மச்சான்."

கேஸ் நிரப்பி முடிப்பதற்குள் அந்தப் பெண் வந்துவிட்டாள். பெயர் ஜோலீன். முப்பது வயதிருக்கும். பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு சாக்ஸோடு உள்ளே நடந்தாள். குளிருக்காக நானும் உள்ளே போய் நின்றேன். அவள் கையில் துளையிடும் கருவிபோல ஒன்று இருந்தது. சுவரில் ஒட்டிப் பிடித்தால் பெயின்ட்டுக்குள் இருக்கும் ஈயத்தைக் காட்டுமாம். கூடம், படுக்கையறை, ஜன்னல்கள் என்று ஒவ்வொன்றாகப் பிடித்தாள். எங்கேயும் ஒன்றும் இல்லை. ராய்ஸ் முகத்தில் தெம்பு வந்தது.

பிறகு மேஜையில் உட்கார்ந்து கேட்டாள். குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது? பழைய சாமான்களைச் சுரண்டுவது உண்டா? பேட்டரி வேலை, கார் ரேடியேட்டர் வேலை ஏதாவது? ராய்ஸ் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றான்.

"வீட்ல யாராவது துப்பாக்கி சுடுவீங்களா? தோட்டா செய்றது, தூண்டிலுக்கு ஈயக் குண்டு வாக்கறது, துப்பாக்கி சாமான் கழுவறது, அந்த மாதிரி?"

"இல்ல," என்றான் ராய்ஸ். "வேட்டைக்குப் போவேன், எல்லாரும் போற மாதிரி. வேற ஒண்ணும் கெடயாது."

நான் ட்ரூடியைப் பார்த்தேன். அவள் பிரினை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்போரம் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. குழந்தை அவள் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு எதையும் பார்க்காமல் இருந்தது.

ஜோலீன் நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ட்ரூடி குழந்தையை என் கையில் திணித்தாள். கோட் போடவில்லை, செருப்பு போடவில்லை. கதவைத் திறந்து அப்படியே பனியில் ஓடினாள்.

"ட்ரூடி!" என்று ராய்ஸ் கத்தினான்.

ஜன்னல் வழியாகப் பார்த்தோம். நகரத் தொடங்கிய காரின் கண்ணாடியை அவள் உள்ளங்கையால் தட்டினாள். கண்ணாடி இறங்கியது. என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. கையை நீட்டி ராய்ஸின் பிக்கப் வண்டியைக் காட்டினாள். ராய்ஸ் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அவன் அடித்த புதுப் பெயின்ட் விரலில் ஒட்டியது.

ஜோலீன் திரும்பி வந்தாள். கோபப்படவில்லை. தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து ஈரக் காகிதத்தால் தரையில் சின்னச் சின்னச் சதுரங்களைத் துடைத்து ஒவ்வொன்றையும் ஒரு குழாயில் போட்டு மூடினாள். துணி அறைத் தரை, துணித் தொட்டி, வடிதட்டு, ஓவன் தட்டு. கடைசியாகப் பிரினின் காபி டப்பாவைக் கையிலெடுத்தாள்.

"இது?"

"அவ வெளையாடறது," என்றாள் ட்ரூடி. "கழுவினதுதான். சுத்தமானது."

ஜோலீன் டப்பாவை ஒரு பைக்குள் வைத்துக் கட்டினாள்.

"பெரியவரே, எனக்கு உங்க துப்பாக்கியப் பத்தி ஒண்ணும் வேணாம்," என்றாள் ராய்ஸிடம். "எங்கப்பாகிட்டயும் அலமாரி நெறைய இருக்கு. அந்த மெஷின் அழுக்க எங்கயும் அழிக்கறதில்ல. கூட்டுலேர்ந்து எடுத்துத் தண்ணியில விடுது. அந்தத் தண்ணி சிந்தற எடமெல்லாம் காஞ்சா ஈயத் தூள்தான். குழந்த தரையில தவழ்றா, கைய வாயில வெக்கறா. இன்னிக்கே அவள இந்த வீட்லேர்ந்து வெளிய கூட்டிட்டுப் போங்க."

அன்று மாலையே நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தின் முடிவும் வந்தது. கவலைப்பட வேண்டிய அளவு என்று சொல்லப்படுவதைப்போலப் பத்து மடங்குக்கு மேல். பில்லிங்ஸ் நகர ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார்கள். நான்தான் வண்டி ஓட்டினேன். ட்ரூடி பின்சீட்டில் குழந்தையோடு. ராய்ஸ் தன் வண்டியில் எங்களுக்குப் பின்னால் வந்தான். வழியெல்லாம் பின்கண்ணாடியில் அவன் விளக்கு தெரிந்துகொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து அழுகிய முட்டைபோல நாறும். மாத்திரையைப் பிரித்து ஆப்பிள் கூழில் கலந்து ஊட்ட வேண்டும். பிரின் துப்புவாள், ட்ரூடி மறுபடி வழித்து ஊட்டுவாள், அவள் மறுபடி துப்புவாள். இரண்டு பேரும் அழுதுகொண்டேதான் அது நடக்கும். ராய்ஸ் அறை வாசலில் நிற்பான். உள்ளே வரலாமா என்று யாரையும் கேட்கவில்லை. யாரும் வரச்சொல்லவும் இல்லை.

டெஸா டகோட்டாவிலிருந்து நேராக வண்டியை ஓட்டி வந்தாள். சமையல் உடையைக்கூட மாற்றவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்துவிட்டு வெளியே வந்தாள். நடைபாதையில் ராய்ஸ் எழுந்து நின்றான்.

"டெஸா, நான் தூசி வரக்கூடாதுன்னுதான் அத வாங்கினேன். கேட்டுப் பாரு, உங்க மாமனக் கேளு."

"தெரியும்ப்பா."

"எனக்குத் தெரியாதும்மா, சத்தியமா. தெரிஞ்சிருந்தா..."

"தெரியாமப் பண்ணினது வேற," என்றாள். அவள் குரல் ஏறவே இல்லை. "அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. அம்மாவுந்தான் டப்பாவக் கொடுத்தா. அந்தம்மா உன் மூஞ்சியப் பாத்துக் கேட்டாங்களாமே. பிரின் அந்த ரூம்ல இருந்தாளாம். நீ இல்லன்னியாமே."

"அம்மா ஓடிப் போயி சொல்லலன்னா என்ன ஆயிருக்கும்? அந்தம்மா போனதும் மெஷின திரும்ப உள்ள கொண்டாந்து வெச்சிருப்ப. சொல்லுப்பா. வெச்சிருப்பதானே?"

"வெச்சிருப்பேன்," என்றான் ராய்ஸ்.

அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவனை இன்றைக்கும் மதிக்கிறேன். டெஸாவுக்கு அது போதவில்லை. போதாதுதான். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ட்ரூடிக்கும் ராய்ஸுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ட்ரூடிக்குக் கொஞ்சம்தான். ராய்ஸுக்குக் குழந்தைக்கு இருந்ததைவிட அதிகம். வயிற்று வலி, கை நடுக்கம், எரிச்சல் எல்லாம் அதனால்தான் என்றார் டாக்டர். பெரியவர்கள் உடம்பு இதைத் தாங்கும், குழந்தையின் மூளைதான் தாங்காது என்றும் சொன்னார். ராய்ஸ் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டான்.

"நான் அவளத் தூக்கிக் கொஞ்சினதுலயும் ஏறியிருக்குமா?"

டாக்டர் நல்ல மனிதர். "உங்க சட்டை, உங்க கை... ஆமா, இருந்திருக்கலாம்."

வீட்டுக்கு வந்த ராய்ஸ் துணி அறைத் தரையைக் கடப்பாரையால் பெயர்த்தான். சமையலறைத் தரை, கூடத்துக் கம்பளம், துணித் தொட்டி, ஓவன் எல்லாம் போயின. ஜோலீன் சொன்னபடி எல்லாவற்றையும் ஈரப்படுத்தி, முகமூடி போட்டு, தடித்த பைகளில் கட்டி அனுப்பினான். நான் உதவிக்குப் போனேன். பெயர்த்து முடித்தபின் பலகைகளுக்கு இடையில் கீழே மண் தெரிந்தது. புதுத் தரை போட்டான். ஜோலீன் வந்து துடைத்துப் பார்த்துச் சுத்தம் என்றாள். அந்தச் சுத்தமான வீட்டில் அவன் தனியாகத்தான் இருந்தான். டெஸா டகோட்டா வேலையை விட்டுவிட்டு பில்லிங்ஸில் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் சேர்ந்திருந்தாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ட்ரூடி அவளோடு போய்விட்டாள். சண்டை போட்டுப் போகவில்லை. இரண்டு பெட்டிகளை என் வண்டியில் ஏற்றிவிட்டு, "ஃப்ரீஸர்ல மான் கறி இருக்கு, தீர்றதுக்குள்ள கெடுத்துடாதே," என்று ராய்ஸிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

மே மாதக் கிளப் கூட்டத்துக்கு ராய்ஸ் வருவான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வருஷக்கணக்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பேசாமல் எழுந்து போகிறவன் அவன். அன்று முன்னால் போய் நின்றான். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். ஜோலீனிடம் பொய் சொன்னதையும் சொன்னான். பிறகு, "வீட்ல சின்னப் பிள்ளைங்க இருந்தா ரத்தம் எடுத்துப் பாத்துருங்க. கழுவறத வீட்டுக்கு வெளிய வெச்சுக்குங்க. தண்ணிய சாக்கடையில ஊத்தாதீங்க. கையுற போடுங்க. அவ்ளோதான்," என்றான்.

எல்டன் என்ற கிழவர் நாற்காலியைக் கிறீச்சிட வைத்தார்.

"நாப்பது வருஷமா தூண்டில் குண்ட பல்லால கடிச்சித்தான்டா மாட்டறேன். எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

"அதான் நாங்க தெனமும் பாக்கறோமே, எல்டன்," என்றான் யாரோ. சிரிப்பு எழுந்தது.

"இவன் பேச்சக் கேட்டா அடுத்த வருஷம் நம்ம கிளப்புக்குப் பூட்டுப் போட்டுருவாங்க," என்றார் எல்டன். "அரசாங்கத்துக்காரி வீட்ல வந்து உக்காந்தாளாம், இவன் பொண்டாட்டி ஓடிப் போயி எல்லாத்தையும் காட்டிக் குடுத்தாளாம். எம்பொண்டாட்டியா இருந்தா..."

ராய்ஸ் அவரருகே போனான். அடித்துவிடுவான் என்று நான் எழுந்தேன். அவன் குனிந்து அவர் முகத்துக்கு நேராகச் சொன்னான்.

"உங்க பொண்டாட்டியா இருந்தா என்ன, எல்டன்? எம்பொண்டாட்டி ஓடலன்னா எம்பேத்தி இன்னேரம் மண்ணுக்குள்ள. அவளப் பத்தி இன்னொரு வார்த்த பேசாதீங்க."

கூட்டம் அதோடு கலைந்தது. எல்டன் பிறகு யாரிடமும் அவனைப் பற்றி நல்லதாகப் பேசவில்லை. வேட்டைக் காலத்தில் துப்பாக்கி மூட்டையோடு வருகிறவர்கள் வராமல் போனார்கள். ஆனால் கிளினிக்கில் மார்சி என்னிடம் சொன்னாள்: கூட்டத்துக்குப் பிறகு சத்தமில்லாமல் சில அப்பன்மார்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்தார்களாம். அதில் ஒரு பையனுக்கு இருந்ததாம். யார் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிரினுக்கு ரத்தத்தில் ஈயம் இறங்கியது, எலும்பில் படிந்திருந்ததிலிருந்து மறுபடி கொஞ்சம் ஏறியது, மறுபடி இறங்கியது. உயிருக்குப் பயமில்லை என்றார்கள். மற்றதைப் பற்றி யாரும் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. வாரம் இருமுறை பேச்சுப் பயிற்சி சொல்லித்தர ஒரு பெண் வருகிறாள். ட்ரூடி போனில் சொல்வாள்: இன்று ஒரு வார்த்தை வந்தது, நேற்று வந்த வார்த்தை இன்று வரவில்லை.

டெஸா ஒருவழியாக அப்பாவை வரச் சொன்னபோது மறு வருஷம் வசந்தம் வந்துவிட்டது. நானும் கூடப் போனேன். தனியாகப் போக அவனுக்குத் தைரியம் இல்லை, அதை வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. தன் அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் டெஸா ஒரு பையில் புதுச் சட்டையும் கால்சட்டையும் வைத்திருந்தாள். "கீழ பாத்ரூம் இருக்கு. மாத்திட்டு வாப்பா. ஷூ வெளியவே இருக்கட்டும்." அவன் வாங்கிக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது கை இரண்டும் முழங்கைவரை சிவந்திருந்தன. அப்படித் தேய்த்திருந்தான்.

பிரின் வளர்ந்திருந்தாள். கம்பளத்தில் உட்கார்ந்து மரக்கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துக்கொண்டிருந்தாள். ராய்ஸ் அவளுக்குக் கொஞ்ச தூரத்தில், கால் நீட்டினால் படாத தூரத்தில், தரையில் உட்கார்ந்தான். கூப்பிடவில்லை. அவள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுக் கட்டைகளுக்குத் திரும்பினாள். சற்று நேரத்தில் அவள் சாக்ஸ் ஒன்று கழன்றது. அதைத் தூக்கிக்கொண்டு எழுந்து நடந்தாள். அவனைத் தாண்டி வந்து என்னிடம் நீட்டினாள். நான் மாட்டிவிட்டேன். ராய்ஸ் தலையைத் திருப்பிக்கொண்டான்.

புறப்படும்போது ட்ரூடி எங்களோடு கீழே இறங்கி வந்தாள். வண்டியருகே மூன்று பேரும் நின்றோம்.

"வீட்டுக்கு எப்ப வருவ?" என்று ராய்ஸ் கேட்டான்.

"தெரியல ராய்ஸ். அவ ஸ்கூலுக்குப் போற வரைக்கும் நான் இங்க இருக்கணும். அப்புறம் தெரியல." அவன் காலரைச் சரிசெய்தாள். புதுச் சட்டையின் விலைச் சீட்டு பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது, அதைப் பிய்த்தெடுத்தாள். "எம்மேல கோவமா? அன்னிக்கு ஓடினதுக்கு?"

"இல்ல," என்றான். பிறகு, "அன்னிக்கு ராத்திரி இருந்துச்சு. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ற வரைக்கும் இருந்துச்சு," என்றான்.

அவள் தலையசைத்தாள். மேலே போய், மூடி போட்ட பாத்திரம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். உருளைக்கிழங்கும் மாட்டுக்கறியும். இன்னும் சூடாக இருந்தது.

"பாத்திரத்த அடுத்த தடவ வரும்போது கொண்டா," என்றாள்.

நான் வண்டியை எடுத்தேன். ஊர் வந்து சேரும்வரை ராய்ஸ் அதை மடியிலேயே வைத்திருந்தான்.